ரெண்டு விசில்

என் வீட்டுக்காரர் சிரிச்சு போன மாசம் வரைக்கும் நான் பார்த்ததே இல்லைன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. நம்பாட்டிப் போங்க. கல்யாணமாகி, ரெண்டு பொண்ணுங்களைப் பெத்து வளர்த்து, அதுங்களையும் கட்டிக் குடுத்தாச்சு. இன்னும் அந்த மனுஷன் வாயிலேர்ந்து முழுசா ஒரு பேச்சு வாங்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும். "சாப்பாடு எப்படி இருக்கு?" "ம்." "பெரியவ போன் பண்ணினா." "ம்." "அடுப்பு பத்தி வீடே எரியுது." "ம்." என் தம்பி அவருக்கு வெச்ச பேரு சாமியார்.

இத்தனைக்கும் அவர் பஸ் கண்டக்டர். காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் கத்தற வேலை. ஏன் வீட்ல மட்டும் இப்படின்னு கேட்டா, "வாய்க்கு லீவு"ன்னு முடிச்சுடுவார். அவர் வேலை பார்க்கிறதை நான் கண்ணால கண்டதும் இல்ல. அவர் போற பஸ்ல நான் ஏறக்கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டார். டிரைவர், கண்டக்டர் வீடுகள்ல அது ஒரு எழுதாத சட்டம். பொண்டாட்டி ஏறினா, டிக்கெட் கேட்டாலும் நாலு பேர் பேசுவாங்க, கேட்காட்டியும் பேசுவாங்க. அதனால அவர் பஸ் வந்தா நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன்.

அவர் தொழில்ல எனக்குத் தெரிஞ்சது அந்த விசில் ஒண்ணுதான். ஒரு விசில் ஊதினா வண்டி நிக்கணும். ரெண்டு ஊதினா கிளம்பணும். பொண்ணுங்க சின்னதா இருக்கறப்போ அதை எடுத்து ஊதிக்கிட்டு வீட்டுக்குள்ள ஒரே ஓட்டம். ஒண்ணு ஊதினா சிலை மாதிரி நிக்கும், ரெண்டு ஊதினா பிச்சுக்கிட்டு ஓடும். அவர் ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பார். அப்பவும் சிரிச்சதில்ல.

என் கதை வேற. நான் தையல் கம்பெனியில மேற்பார்வை பார்க்கிறவ. அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேல கத்திக் கத்தி என் குரல் தகரம் மாதிரி ஆயிடுச்சு. நான் ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். ஒருத்தர் வாய் திறக்க மாட்டார், இன்னொருத்தி மூட மாட்டா. அப்படியே ஓடிக்கிட்டிருந்த குடும்பத்துல, அவருக்குப் பெருங்குடல்ல புற்றுநோய்னு ஒருநாள் டாக்டர் சொன்னார். நான் அந்த நாற்காலியிலயே உறைஞ்சு போயிட்டேன். அவர் டாக்டரைப் பார்த்து "ம்"னார்.

முதல் தடவை மருந்து ஏத்திக்கிட்டு வந்தவர் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு போயிட்டார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, "இனிமே நான் அங்க போக மாட்டேன்"னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போகலைன்னா ஆள் தங்க மாட்டார்னு டாக்டர் சொன்னதை எப்படிச் சொல்றது? அழுதேன், கெஞ்சினேன், திட்டினேன். ம்ஹூம். ஆனா அடுத்த முறை வந்தப்போ, அவரே எழுந்து குளிச்சு, அலமாரியிலேர்ந்து அந்தப் பழைய விசிலை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். எதுக்கு விசில்னு நான் கேட்கல. கிளம்பினாரேன்னு இருந்துச்சு எனக்கு. போறப்போ ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "தம்பி மட்டும் வரட்டும். நீ வேண்டாம்."

சுருக்குன்னுச்சு. கட்டினவளை வராதேங்கறாரே! ஆனாலும் போறாரே, அது போதும்னு வாயை மூடிக்கிட்டேன். நான் வாயை மூடினது அவர் உயிருக்காக மட்டும்தான், எழுதி வெச்சுக்கோங்க.

இப்படியே மருந்து ஏத்தறது பாதிக்கு மேல போச்சு. ஒருநாள் தம்பிக்குக் கால் பிசகி வீங்கிடுச்சு. அவர் தனியாவே போய்க்கறேன்னு கிளம்பிட்டார். அவர் போன பிறகு பார்க்கறேன், ஸ்வெட்டரை விட்டுட்டுப் போயிருக்கார். அந்த ரூம்ல ஏசி எலும்பைக் குடையும்னு தம்பி சொல்லியிருக்கான். கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு ஸ்வெட்டரைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில அந்த மாடிக்கு வந்தா, நடையில ஒரே மருந்து வாசனை. சுவரோரமா பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்க முகத்துல எல்லாம் ஈயாடல. அப்பதான் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஒரு ரூமே சிரிக்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உயிருக்குப் போராடறவங்க இருக்கிற இடத்துல என்ன கூத்து இது, எந்தப் பொறுப்பில்லாத ஜென்மங்கன்னு கேட்டே தீர்றதுன்னு சத்தம் வந்த பக்கம் போனேன்.

கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ளேர்ந்து ஒரு குரல்.

"கம்பியப் பிடிச்சுக்கோங்க, கம்பியப் பிடிச்சுக்கோங்க! படியில யாரும் நிக்காதீங்க! டீச்சரம்மா, ஜன்னல் சீட்டு கிடைச்சுதுன்னு தூங்கிடாதீங்க, உங்க ஸ்டாப் வந்தா நான் எழுப்ப மாட்டேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது அவர் குரல். சாமியார் குரல்!

கதவு இடுக்கு வழியா பார்த்தேன். ரெண்டு வரிசையா சாய்வு நாற்காலி, நடுவுல வழி. ஒவ்வொரு நாற்காலி பக்கத்துலயும் மருந்து பாட்டில் தொங்கற கம்பி. அதைத்தான் பிடிச்சுக்கச் சொல்றார். இவர் கையிலயும் மருந்து ஏறுது. சிஸ்டர் ஒரு புது ஆளுக்கு ஊசி குத்தி மருந்தைத் திறந்து விட்டதும், இவர் விசிலை எடுத்து ரெண்டு ஊது ஊதி, "போலாம் ரைட்!"ங்கறார். அந்தப் பக்கம் ஒருத்தருக்குப் பாட்டில் தீர்ந்தா ஒரு விசில். எல்லாச் சுற்றும் முடிஞ்சு கடைசிப் பாட்டிலும் தீர்ந்தவங்களுக்கு மட்டும் நீளமா ஒரே விசில். உடனே ரூமே சேர்ந்து, "இறங்கு, இறங்கு"ன்னு கத்துது. அன்னைக்கு அப்படி முடிச்ச ஒரு அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போறாங்க.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. அப்புறம்தான் வந்துச்சு பாருங்க, வெடி.

"அண்ணே, நேத்து வீட்ல அண்ணி என்ன பண்ணாங்க?"ன்னு மலை மாதிரி ஒரு ஆள் கேட்டார். கறிக்கடைக்காரராம். ஊசியைப் பார்த்தா மயங்கி விழறவராம், பின்னாடிதான் தெரியும்.

"அதை ஏன் கேட்கறே? என் வீட்டம்மா நேத்து என் வயித்துக்குப் பக்கத்துல குனிஞ்சா. 'ஏய் கட்டி! யாரைக் கேட்டு உள்ள வந்தே? காலைத் துடைச்சுட்டு வந்தியா? இப்பதான் வீடு கூட்டினேன், வெளிய போ!'ன்னு போட்டா பாரு ஒரு சத்தம். கட்டி நடுங்கிப் போய் கிட்னிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. டாக்டர் இப்ப அதைத் தேடிக்கிட்டிருக்கார்."

ரூமே விழுந்து விழுந்து சிரிக்குது. டீச்சரம்மா கம்பளித் தொப்பியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கிறாங்க. என் மானம் கப்பலேறிப் போச்சு. இத்தனை மாசமா, நான் வீட்ல இவருக்காகச் சாமி கும்பிட்டு உருகிக்கிட்டிருக்க, இங்க என்னை வெச்சுப் பொழுது போகுது! கதவைப் படார்னு தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

"நான் எப்போ அப்படிக் கத்தினேன்?"

மிஷின் ஹால் குரல். எனக்கே காது அடைச்சுச்சு. அவர் முகம் வெளுத்துப் போச்சு. கறிக்கடைக்காரர் என்னை மேலேர்ந்து கீழ பார்த்து, பயபக்தியோட, "அண்ணி... நீங்கதானா அது?"ன்னார்.

அந்த நேரம் பார்த்தா அந்த சிஸ்டர் வரணும்? "அம்மா, அம்மா, செருப்போட உள்ள வராதீங்க! வெளிய கழட்டிட்டு, காலைத் துடைச்சுட்டு வாங்க!"

அவ்வளவுதான். நான் அப்படி ஒரு சிரிப்பை என் ஜென்மத்துல கேட்டதில்ல. கறிக்கடைக்காரர் குலுங்கின குலுங்கலுக்கு அவர் கம்பி ஆடி, சிஸ்டர் ஓடிப் போய்ப் பிடிச்சாங்க. சிரிக்காம இருந்தது ரெண்டே பேர், நானும் அவரும். ஸ்வெட்டரை அவர் மடியில விசிறிட்டு வெளிய வந்துட்டேன். காது ரெண்டும் ஜிவ்வுன்னு எரியுது. பஸ்ல வீட்டுக்கு வர்றவரைக்கும் என்னைப் பார்த்தவங்க எல்லாரும் சிரிக்கற மாதிரியே இருந்துச்சு.

சாயங்காலம் அவர் வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். "ஊரெல்லாம் சிரிக்கிறதுக்கு நான்தான் கிடைச்சேனா? இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேச முத்து உதிர்ந்துடும், அங்க மட்டும் வாய் கிழியுதா? அதுக்குத்தான் என்னை வராதேன்னீங்களா?" அவர் சட்டைப் பையில கையை விட்டார். விசிலை எடுத்து அலமாரியில வெச்சார். அடுத்த தடவை போறப்போ அதை எடுத்துக்கல. நான் கவனிச்சேன். நல்லா வேணும்னு கூட நினைச்சேன்.

அன்னைக்குத் தம்பிதான் நொண்டிக்கிட்டே கூடப் போனான். திரும்பி வந்தவன் முகமே சரியில்ல. என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "அக்கா, மாமா இன்னைக்கு வாயே திறக்கல"ன்னான்.

"அது எப்பவும் உள்ளதுதானேடா."

"உனக்குத் தெரியாதுக்கா. நான் ஆரம்பத்துலேர்ந்து பார்க்கறேன். இன்னைக்கு அந்த ரூம் சாவு வீடு மாதிரி இருந்துச்சு. எல்லாரும் மாமாவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. மாமா பாட்டிலையே பார்த்துக்கிட்டிருந்தார். அந்தக் கறிக்கடைக்காரர் பாதியில, எனக்கு வேணாம், எடுத்து விடுங்கன்னு ஊசியைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டார்."

பகீர்னுச்சு எனக்கு. "பாதியிலயா? அவ்வளவு பெரிய ஆளா?"

"பெரிய ஆள்தான். மாமா பேச்சுக் குடுத்தாத்தான் அவர் ஊசிக்குக் கையையே நீட்டுவார்."

நான் அடுப்பை அணைச்சுட்டு அப்படியே நின்னேன். நான் கத்தினது என் மானத்துக்காக. அது யார் யார் உடம்புல போய் விழுந்திருக்கு பாருங்க. ஆனா அதைவிடப் பெரிய அடி அந்த வாரக் கடைசியிலதான் விழுந்துச்சு.

ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சார். கட்டி சின்னதாயிருக்கு, ஆனா போதாது, ஒரு பாட்டில் பாக்கி இருக்கே, அதோட நிறுத்த முடியாது, மருந்தை மாத்தி இன்னொரு சுற்று போகணும்னார். போனா நல்ல வாய்ப்பு இருக்குன்னார். போகலைன்னா? டாக்டர் பேனாவை மூடி வெச்சார். எனக்குக் காதுல அதுக்கப்புறம் எதுவும் விழல. இவர் எழுந்து, வீட்ல சொல்ற அதே "ம்"மைச் சொல்லிட்டு வெளிய நடந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. "இந்தக் கடைசிப் பாட்டிலோட நான் இறங்கிக்கறேன்"னார். "இன்னொரு சுற்று வேண்டாம்."

"என்ன பேசறீங்க? உங்களுக்குப் பைத்தியமா? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அங்க போய்ச் சும்மா உட்கார என்னால முடியாது."

"யாரு சும்மா உட்காரச் சொன்னா? பேசுங்க! என்னைத் தவிர வேற எதையாவது பேசுங்க! டிரைவரைப் பத்திப் பேசுங்க, செக்கிங்கைப் பத்திப் பேசுங்க. ஊர் உலகத்துல சிரிக்க வேற ஆளா இல்ல?"

அவர் நாற்காலியில உட்கார்ந்தார். கையில ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போன இடத்தைத் தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம் பேசினார். என் கல்யாண வாழ்க்கையிலயே நீளமான பேச்சு அதுதான்.

"முதல் தடவை போனப்போ ஒவ்வொரு சொட்டா விழறதையே பார்த்துக்கிட்டிருந்தேன். பயம்னா உனக்குச் சொல்ல முடியாத பயம். எதிர்ல அந்தக் கறிக்கடைக்காரன் என்னைவிட நடுங்கறான். விசில் கையில இருந்தா வண்டியில நிக்கற தைரியம் வரும்னு ரெண்டாவது தடவை அதை எடுத்துக்கிட்டுப் போனேன். அன்னைக்கு அவன் நடுக்கம் தாங்காம, என் வீட்டம்மா இங்க இருந்தா இந்தப் பாட்டிலையே மிரட்டி வேகமா இறங்க வெச்சிருப்பான்னு சொன்னேன். அவன் சிரிச்சான். எனக்கும் பயம் விட்டுப் போச்சு. அப்புறம் உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தேன். உன்னைப் பத்திப் பேசற நேரத்துல எனக்குச் சாவு ஞாபகம் வரல."

"அப்போ என்னை ஏங்க வரக்கூடாதுன்னீங்க?"

"நீ வந்தா நான் உன் முகத்தைப் பார்ப்பேன். உன் முகத்துல முதல் நாள்லேர்ந்தே பயம். நான் அங்க சொல்றவ எதுக்கும் பயப்பட மாட்டா."

எனக்கு அழுகை வரல. பேச்சு வரல. எனக்கா பேச்சு வரலைன்னு நானே அதிர்ந்து போயிட்டேன். ஏன்னா அவர் சொன்னது உண்மை. அவருக்கு நோய்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் போட்ட சத்தம் முழுக்க வெறும் பயம். கண்ணாடியில நானே என் முகத்தைப் பார்க்கறதை விட்டிருந்தேன்.

கடைசிப் பாட்டில் அன்னைக்கு நானும் வர்றேன்னேன். அவர் வேண்டாம்னு சொல்லக்கூட இல்ல. இறங்கப் போறவர்தானே, யார் வந்தா என்னன்னு விட்டுட்டார் போல.

கறிக்கடைக்காரர் வந்திருந்தார். அவர் பொண்டாட்டி காலையில அவரைத் தள்ளிக்கிட்டு வந்து உட்கார வெச்சிருக்கா. முகம் தொங்கிப் போய் இருந்துச்சு. டீச்சரம்மா என்னைப் பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. இவருக்கு இன்னைக்குக் கடைசின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இவர் வேற சுற்றுக்கு மாட்டேன்னு சொன்னதும் சிஸ்டர் வழியா பரவியிருக்கு. அதனால சந்தோஷப்படவும் யாருக்கும் தெரியல. நான் வெளிய பெஞ்சுலயே உட்கார்ந்துக்கிட்டேன். கதவு திறந்தே இருந்துச்சு. அவர் பாட்டில் குறையறது எனக்குத் தெரிஞ்சுது. சொட்டுச் சொட்டா. அவர் எதைப் பார்த்துப் பயந்தாரோ, அதையே நானும் பார்த்தேன்.

பாட்டில் தீர்ந்துச்சு. சிஸ்டர் குழாயை மூடிட்டு, தயங்கித் தயங்கி, "கண்டக்டர் சார்... விசில்?"னாங்க.

இவர் தலையை ஆட்டி, "கொண்டு வரல"ன்னார்.

நான் எழுந்தேன். கைப்பைக்குள்ள கையை விட்டேன். காலையில அலமாரியிலேர்ந்து எடுத்தது என்னோடதான் இருந்துச்சு. செருப்பை வாசல்ல கழட்டினேன். மிதியடியில ஒரு காலைத் துடைச்சேன், இன்னொரு காலைத் துடைச்சேன், எல்லாரும் பார்க்கற மாதிரி நல்லா தேய்ச்சுத் துடைச்சேன். கறிக்கடைக்காரர் முதல்ல பார்த்தார். அவர் உதடு துடிக்க ஆரம்பிச்சுது.

நேரா நடு வழியில போய் நின்னேன். கால் வெடவெடன்னு ஆடுது. விசிலை வாயில வெச்சேன். ரூமே "இறங்கு" சொல்லத் தயாரா மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அவர் என்னையே பார்க்கறார்.

ஊதினேன். ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை.

யாருக்கும் புரியல. சிஸ்டர், "அம்மா, ரெண்டு ஊதக்கூடாது, முடிஞ்சா ஒண்ணுதான்"னாங்க.

"எனக்குத் தெரியும்!" மிஷின் ஹால் குரலை எடுத்து விட்டேன். "யார் சொன்னா முடிஞ்சுதுன்னு? கண்டக்டர் பாதி வழியில இறங்கிட்டா வண்டியில இருக்கிறவங்க எங்க போவாங்க? யாரைக் கேட்டு இறங்கறீங்க நீங்க? போலாம் ரைட்!"

அப்புறம் கறிக்கடைக்காரர் வெடிச்சார் பாருங்க. "அண்ணே, கட்டியை விடுங்க, இப்ப நானே கிட்னிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கணும்போல இருக்கு!" டீச்சரம்மா தொப்பியால முகத்தை மூடிக்கிட்டுக் குலுங்கறாங்க. எனக்கு அதெல்லாம் தூரத்துல கேட்டுச்சு. நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அவர் சிரிக்கல. என் முகத்தைப் பார்த்தார், அப்படியே பார்வையை இறக்கி என் காலைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. எவ்வளவு அடக்கியும் நிக்க மாட்டேங்குது.

பயத்தைப் பார்த்துட்டார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. போச்சு, எல்லாம் கெட்டுச்சுன்னு நினைச்சேன்.

அவர் நாற்காலியில கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். என் கையைப் பிடிச்சு இழுத்து, மருந்து பாட்டில் தொங்கற கம்பி மேல கொண்டு போய் வெச்சார்.

"கம்பியப் பிடிச்சுக்கோம்மா"ன்னார். "வண்டி கிளம்பிடுச்சு."

அவர் சிரிச்சு நான் பார்த்தது அப்பதான்.